அத்தியாயம் 6: கரமனைக்காரருக்கு ஹைபிரிட் கார் எதற்கு?

ஹைபிரிட் காரின் லாபம் பெரும்பாலும் ஊர்ந்து போகும் சாலையில்தான் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷோரூமில் காட்டும் மைலேஜ் எண் உங்களுக்குக் கிடைக்குமா, கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பி வருமா என்ற இரண்டு கேள்விக்கும் விடை இதற்குள் இருக்கிறது.

திருவனந்தபுரத்தின் கரமனையில் குடியிருப்பவர் இரண்டு வகைச் சாலைகளுக்கு நடுவில் இருக்கிறார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நாகர்கோவில் திசையில் திரும்பினால் நீரமண்கரை, கைமனம், பாப்பனம்கோடு, நேமம் என்று பிராவச்சம்பலத்துக்கும் அப்பால் வரை அகலப்படுத்திய சாலை. வண்டி ஒரே சீராக ஓடும். பாலராமபுரம் சந்திப்பு வந்ததும் மூச்சு முட்டும். நகரத்துக்குள் திரும்பினால் கிள்ளிப்பாலம், தம்பானூர், கிழக்கேகோட்டை, சாலைக் கடைத்தெரு. இங்கே மாலை ஐந்தரை மணிக்குச் சிக்கினால் இரண்டு மூன்று கிலோமீட்டர் போவதற்குள் வண்டி எத்தனையோ முறை நின்றுவிடும். ஆற்றுகால் பொங்காலை நெருங்கும் நாட்களில் சொல்லவே வேண்டாம்.

பெட்ரோல் இன்ஜினுக்கு மிகக் கெட்ட வேலை இதுதான். ஏசி ஓட நின்றபடி இருக்கும் 1500 சிசி இன்ஜின் ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரித்துவிடும். ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. நகரும்போதும் நஷ்டம்தான். பெட்ரோலை எரித்துச் சேர்த்த வேகத்தை அடுத்த பிரேக்கிலேயே சூடாக்கி வீணடிக்கிறோம். ஹைபிரிட் இந்த இரண்டு நஷ்டத்தையும் பிடிக்கிறது. நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடும். பிரேக் மிதிக்கும்போது மோட்டார் டைனமோவாக மாறி, வேகத்தின் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கும். சேர்ந்த மின்சாரத்தில் அடுத்த நூறு இருநூறு மீட்டர் இன்ஜின் இல்லாமலே நகரும். வெளியிலிருந்து பிளக் செருக வேண்டாம்.

பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்

நம் ஊரில் ஹைபிரிட் என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. மைல்டு ஹைபிரிட் என்பது சாதாரண பெட்ரோல் கார்தான். டைனமோவின் இடத்தில் கொஞ்சம் பெரிய மின்கருவி இருக்கும். சிக்னலில் இன்ஜினை அணைத்து எழுப்பும், கிளம்பும்போது சிறிது கைகொடுக்கும். மின்சாரத்தில் மட்டும் அது ஓடாது. மாருதி 2015இல் சியாஸில் கொண்டுவந்தது இந்த வகை. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் வண்டியைத் தானாக இழுக்கக்கூடிய மோட்டாரும் அதற்கென்று உயர் மின்னழுத்த பேட்டரியும் இருக்கும். இந்த அத்தியாயத்தில் ஹைபிரிட் என்று நான் எழுதுவதெல்லாம் இந்த இரண்டாவது வகையைத்தான்.

வித்தியாசம் தெரிய ஒரு எளிய வழி ஏசி. சிக்னலில் இன்ஜின் அணைந்ததும் மைல்டு வண்டியில் ஏசியின் கம்ப்ரசரும் நின்றுவிடும், ஏனென்றால் அது இன்ஜின் பெல்ட்டில் ஓடுவது. ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் ஒரு நிமிடத்தில் காற்று வெதுவெதுப்பாகும். பிறகு ஏசிக்காகவே இன்ஜின் மறுபடி எழும். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. இன்ஜின் அணைந்திருந்தும் குளிர் வந்துகொண்டே இருக்கும். வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வரும் வீடுகளுக்கு இது ஒன்றே பெரிய சௌகரியம் என்பது என் எண்ணம்.

இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. டொயோட்டா ப்ரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். இந்தியாவில் 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டும் 2010இல் ப்ரியஸும் வந்தன. இரண்டும் இறக்குமதி, விலையோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். 2013இல் கர்நாடகத்தின் பிடதி ஆலையில் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட்டைப் பூட்டத் தொடங்கியது. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் தூரத்துக்கு ஹைபிரிட் வந்தது 2022இல்தான்: ஹோண்டா சிட்டி ஹைபிரிட், டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா. ஹைரைடரும் விட்டாராவும் உள்ளுக்குள் ஒரே இயந்திரம். 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், கூடவே மோட்டார், ஏறக்குறைய முக்கால் யூனிட் மின்சாரம் மட்டும் பிடிக்கும் சிறிய லித்தியம் பேட்டரி. பெரிய குடும்பத்துக்கு இன்னோவா ஹைகிராஸும் அதன் மாருதி வடிவமான இன்விக்டோவும் உண்டு.

முக்கால் யூனிட் என்பது மிகவும் குறைவு. மின்சாரக் காரின் பேட்டரி இதைப்போல் நாற்பது ஐம்பது மடங்கு இருக்கும். ஹைபிரிட்டின் பேட்டரி பணத்தைச் சேர்த்துவைக்கும் வங்கி அல்ல, கடைக்காரரின் கல்லாப் பெட்டி; வந்ததும் போவதுமாக இருப்பதுதான் அதன் வேலை. அதனால்தான் அது நிறைவதும் வற்றுவதும் கண்முன்னே நடக்கிறது. திரையில் பாதிக்குக் கீழே போய்விட்டதே என்று பதற வேண்டியதில்லை.

பிளக் பாயிண்ட் இல்லாத வீடு

மின்சாரக் காரா, ஹைபிரிட்டா என்ற கேள்வியைக் கரமனையில் முடிவு செய்வது பெரும்பாலும் வீட்டு வாசல். காம்பவுண்டும் போர்ச்சும் உள்ள வீடு, இரவில் செருகிவிட்டுத் தூங்கப் பிளக் பாயிண்ட், தினமும் நகரத்துக்குள் மட்டும் ஓட்டம்: இவை மூன்றும் இருந்தால் மின்சாரக் காரே கிலோமீட்டருக்கு மலிவு. ஜிஎஸ்டியும் அதற்கு 5 சதவீதம்தான். தயங்காமல் அதை வாங்குங்கள்.

ஆனால் அக்ரகாரத் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. திண்ணையை விட்டு இறங்கினால் தெரு. காரை வாசலில் விடலாம், அல்லது இடம் கிடைத்த இடத்தில் விடலாம். நடப்பவர் காலில் தட்டும்படி தெருவின் குறுக்கே ஒயர் இழுத்து மழையில் சார்ஜ் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அபார்ட்மெண்டில் இருப்பவருக்கோ அசோசியேஷன் சம்மதம், தனி மீட்டர், கார் நிறுத்தும் இடம் வரை ஒயர் என்று வேறு வழக்கு. மின்வாரியம் கம்பங்களில் பொருத்தியிருக்கும் சார்ஜர்கள் முக்கியமாக ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் உதவுபவை. இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு பெட்ரோலையும் குறைக்க நினைப்பவருக்கு இன்று இருக்கும் நல்ல வழி ஹைபிரிட். பங்கில் நிரப்பினால் போதும். வாசலில் எதையும் மாற்ற வேண்டாம்.

குறுகலான தெருவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கடைசி ஐம்பது மீட்டரை வண்டி பெரும்பாலும் மின்சாரத்திலேயே கடந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் புகை அடிக்காது. இந்த அமைதியிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. கோலம் போட்டுக்கொண்டிருப்பவர், பந்து விளையாடும் பிள்ளை, காது மந்தமான பெரியவர் யாருக்கும் வண்டி வருவது தெரியாது. மெல்லிய ஓசை எழுப்பும் வசதி சில வண்டிகளில் உண்டு. அது இருந்தாலும் நடை வேகத்தில் வாருங்கள், திருப்பத்தில் ஒரு சின்ன ஹார்ன் கொடுங்கள்.

பணக் கணக்கு

கேரளத்தில் பெட்ரோல் விலை அதிகம். 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் சேர்ந்தது. கணக்குக்கு லிட்டர் 107 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மாதம் 1,000 கிலோமீட்டர், பெரும்பகுதி கிள்ளிப்பாலம், தம்பானூர், கழக்கூட்டம் பக்கம் நெரிசலில். சாதாரண ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 12 கொடுக்கிறது, ஹைபிரிட் 20 கொடுக்கிறது என்று கொண்டால், முன்னதுக்கு 83 லிட்டர், பின்னதுக்கு 50. மிச்சம் 33 லிட்டர், ஏறக்குறைய 3,550 ரூபாய். ஆண்டுக்கு நாற்பத்திரண்டாயிரத்துக்குச் சற்று மேல். ஒரே மாடலில் மைல்டு ஆட்டோமேட்டிக்குக்கும் ஸ்ட்ராங்குக்கும் சாலை வரியெல்லாம் சேர்த்து மூன்று லட்சம் வித்தியாசம் என்றால் அந்தப் பணம் திரும்ப ஏழு ஆண்டு ஆகும். ஓட்டம் 1,500 கிலோமீட்டர் என்றால் ஐந்து ஆண்டுக்குள் வந்துவிடும்.

அதே 1,000 கிலோமீட்டரை நாகர்கோவில், திருநெல்வேலி என்று சீரான வேகத்தில் ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு. அங்கே சாதாரண வண்டியே 18 கொடுக்கும், ஹைபிரிட் 23 கொடுக்கும் என்று வைத்தால் மிச்சம் மாதம் 12 லிட்டர். பணம் திரும்ப இருபது ஆண்டு. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுத்து மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டும் ஓய்வுபெற்ற தம்பதிக்கும் பெட்ரோல் கணக்கை வைத்து ஹைபிரிட் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் அமைதிக்காகவும் கிளட்ச் இல்லாத சுகத்துக்காகவும் வாங்கலாம். அப்படி வாங்குவதில் தவறே இல்லை, அதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

ஹைரைடருக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அது சோதனைக்கூட எண். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இப்போது உங்களிடம் இருக்கும் வண்டி உண்மையில் என்ன கொடுக்கிறது என்பதைத் தொட்டி நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மேலே உள்ள 12, 18 என்ற எண்களின் இடத்தில் அதைப் போடுங்கள்.

வரி பற்றி இரண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய ஜிஎஸ்டி விகிதத்தில் நான்கு மீட்டருக்கு மேற்பட்ட இந்த ஹைபிரிட்களுக்கு 40 சதவீதம். முன்பு செஸ்ஸோடு 43. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்களுக்குப் பதிவு வரியை விலக்கியது. கேரளத்தில் சாலை வரி வண்டி விலையின் சதவீதமாக, விலை ஏற ஏறக் கூடிய விகிதத்தில் வருவதால், ஹைபிரிட்டின் கூடுதல் விலைக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள். ஆகவே எக்ஸ்-ஷோரூம் விலைகளை ஒப்பிடாமல் இரண்டு வகைக்கும் ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள்.

எல்லையோர ஊர்க்காரருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சலுகையையும் சேர்த்துக்கொள்ளலாம். களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாட்டுப் பங்குகளில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருபவர் திரும்பும்போது 45 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டால், லிட்டருக்கு 20 என்ற கணக்கில் 900 கிலோமீட்டர் வரும். சாதாரண வண்டியில் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும் அந்தப் பெட்ரோல், ஹைபிரிட்டில் கிட்டத்தட்ட அடுத்த பயணம் வரை தாங்கும்.

ஓட்டும் விதம்

ஹைபிரிட் வாங்கியும் மைலேஜ் வரவில்லை என்று குறைப்படுபவர்களின் காலைக் கவனியுங்கள். கடைசி நொடியில் பிரேக்கை அழுத்துவார்கள். திடீர் பிரேக்கில் மோட்டாரால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. மிச்சத்தை பிரேக் பேட் தேய்த்து முடிக்கும். சிக்னல் சிவப்பாவது தெரிந்தவுடனே காலை எடுத்துவிட்டு, மெல்ல மெல்ல பிரேக் கொடுங்கள். பேட்டரியும் நிறையும், பேடும் நெடுநாள் வரும்.

சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாதாரண வண்டியில் வந்த கைப்பழக்கம் அது. ஹைபிரிட்டில் நியூட்ரல் போட்டால் இன்ஜினால் பேட்டரியை நிரப்ப முடியாது. டிரைவிலேயே வைத்து பிரேக்கில் நில்லுங்கள். ஏற்கெனவே அணைந்திருக்கும் இன்ஜினுக்கு நியூட்ரலால் எந்த ஓய்வும் கிடைக்கப் போவதில்லை.

பால் வாங்க ஒரு கிலோமீட்டர், திரும்பி ஒரு கிலோமீட்டர் என்ற குட்டிப் பயணங்களில் ஹைபிரிட் பெரிதாகச் சாதிக்காது. குளிர்ந்த இன்ஜின் முதலில் சூடேற வேண்டும், அதற்காகவே ஓடிக்கொண்டிருக்கும். நம் வெப்பத்தில் அது சீக்கிரம் முடிகிறது என்பது ஆறுதல். இயன்றவரை வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடியுங்கள்.

பொன்முடிக்குப் போகிறவர்கள் இறங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1,300 கிலோ வண்டி 800 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 2.8 யூனிட் ஆற்றல் வெளிப்படும். பேட்டரியோ முக்கால் யூனிட்காரர். காற்றும் டயரும் தின்றது போகவும் மிச்சம் நிறைய. முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே பேட்டரி நிறைந்துவிடும். அதற்குமேல் மோட்டார் பிடிப்பது குறையும். பிரேக் பேட் சூடேறும். அதனால் இறக்கம் தொடங்கும்போதே கியர் கம்பியை B நிலைக்கு (நிறுத்தும் P அல்ல) மாற்றுங்கள். இன்ஜின் எரிபொருள் இல்லாமல் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கோளாறு அல்ல.

மழை, எலி, பூட்டிய வீடு

2023 அக்டோபரில் ஒரே இரவு மழையில் திருவனந்தபுரத்தின் பல பகுதிகள் நீரில் நின்றன. கரமனையாறு கரை ததும்பும் நாட்களும் நமக்குத் தெரியும். ஹைபிரிட் உள்ளவர் கூடுதலாக அறிய வேண்டியது இது: வண்டி மின்சாரத்தில் அமைதியாகத் தண்ணீருக்குள் போகும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், நடுவில் பேட்டரி குறைந்ததும் இன்ஜின் உங்களைக் கேட்காமல் தானே எழும். காற்று உறிஞ்சும் வாய் நீருக்குள் இருந்தால் அந்த நொடியே இன்ஜின் போயிற்று. சக்கரத்தின் பாதிக்குமேல் தண்ணீர் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடாதீர்கள், தெரிந்த மெக்கானிக்கைக்கூடத் தொடவிடாதீர்கள். லாரியில் ஏற்றி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். காப்பீடு எடுக்கும்போதே இன்ஜின் பாதுகாப்பும் ஹைபிரிட் பேட்டரிப் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். தெருவில் நிறுத்துபவர்கள் எலி கடிக்கும் ஒயரையும் அதே பட்டியலில் கேளுங்கள். ஓடையோரம் நிற்கும் வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல.

உயர் மின்னழுத்த பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று உள்ளே போகும் சல்லடை பல வண்டிகளில் பின்சீட்டின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும். அதன்மேல் போர்வை, பிரசாதப் பை, பழைய செய்தித்தாள் எதையும் வைக்காதீர்கள். சர்வீஸுக்கு விடும்போது அதைத் துப்புரவு செய்யச் சொல்லி பில்லில் எழுத வையுங்கள். பேட்டரி பின்பக்கம் இருப்பதால் ஹைரைடர், விட்டாராவில் டிக்கி இடம் மைல்டு வகையைவிடக் குறைவு. நான்கு பேர் பெட்டி படுக்கையோடு அடிக்கடி பழனி, மதுரை போகும் குடும்பம் ஷோரூமுக்குச் சொந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது நல்லது.

பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெற்றோர் மாதக்கணக்கில் அங்கே போய்விடும் வீடுகள் இங்கே நிறைய. ஹைபிரிட்டைக் கம்ப்யூட்டர்போல் எழுப்புவது பெரிய பேட்டரி அல்ல, சாதாரண 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். சும்மா நின்றால் அது செத்துவிடும். பெரியதும் மெல்ல வற்றும். நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, மாதம் இருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்தியதும் ரெடி விளக்கு அணைந்ததா என்று பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். சத்தம் இல்லாததால் வண்டி அணைந்துவிட்டது என்று எண்ணி இறங்கிப் போவது எளிது.

பழைய ஹைபிரிட் வாங்குவதானால்

பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவு என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. டொயோட்டாவும் ஹோண்டாவும் இங்கே விற்கும் ஹைபிரிட்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது வரை. புது வண்டி வாங்குபவருக்கு இந்தப் பயம் தேவையில்லை. பழையது வாங்குபவர்தான் கவனிக்க வேண்டும்.

இதில் நமக்கு முன்னால் பட்டறிந்தவர்கள் இலங்கைக்காரர்கள். ஜப்பானில் ஓடிய பழைய ப்ரியஸ், அக்வா, வெசல் வண்டிகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டாகச் சர்வ சாதாரணம். 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதி நின்றபின், இருந்த ஹைபிரிட்களையே பேணி ஓட்டியாக வேண்டிய நிலை. மறுபடி திறந்தது 2025இல். விளம்பரத்தில் எழுதிய கிலோமீட்டரை நம்பாமல், ஸ்கேனர் செருகி பேட்டரிக்குள் ஒவ்வொரு பகுதியின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே பார்த்து வாங்குவது அங்கே வழக்கமாகிவிட்டது. நாமும் அதையே செய்யலாம். நிறுவன சர்வீஸ் சென்டரில் கட்டணம் கட்டி ஹைபிரிட் பேட்டரிப் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். சர்வீஸ் தவறாமல் செய்த பதிவைக் கேளுங்கள்; அது இல்லாவிட்டால் வாரண்டிக்கு வாதாட வேண்டியிருக்கும். வாரண்டி உங்கள் பெயருக்கு மாறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2022இல் வந்த முதல் வண்டிகள் என்றால் பெட்ரோல் மூடிப் பக்கம் இ20 என்று குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். குறி இல்லையென்றால் அந்த எரிபொருளுக்கு வண்டி ஏற்றதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

ஓட்டிப் பார்க்க வண்டியைக் கேட்கும்போது காலை பத்து மணிக் காலிச் சாலையில் வேண்டாம். மாலையில் கேளுங்கள். கிள்ளிப்பாலம் வழியாகத் தம்பானூர் போய்த் திரும்புங்கள். அந்தப் பயணத்தில் எத்தனை சதவீதம் மின்சாரத்தில் ஓடியது என்று பல ஹைபிரிட்களின் திரை காட்டும். அந்த எண் பாதியைத் தாண்டினால் வண்டியும் சரி, உங்கள் சாலையும் அதற்கு ஏற்றது. நெரிசலிலும் இன்ஜின் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.